புளிப்பும் மணமும்

இரப்பர் மரத்தின் பால் காத்திருக்காது. பொழுது புலரும் முன்பே வெட்டுத் தொழிலாளர்கள் தோட்டத்தில் இறங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இரவின் குளிர்ச்சியில் மரம் நீரை நிறைய உறிஞ்சி வைத்திருக்கும். பட்டைக்குள் ஓடும் பால்குழாய்களில் அந்த வேளையில்தான் அழுத்தம் மிகுந்திருக்கும். கத்தி பட்டையை மெல்லியதாகச் சீவியதும் பால் சரிவான தடத்தில் வழிந்து மங்கில் சொட்டத் தொடங்கும். வெயில் ஏற ஏற ஓட்டம் தளரும். சில மணி நேரத்தில் வெட்டிய இடத்திலேயே பால் உறைந்து குழாய்களின் வாயை அடைத்துவிடும். அதற்குப் பிறகு மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு, ஒவ்வொரு நிரையாக நடந்து, நிறுக்கும் இடத்திற்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

சற்றுத் தாமதமானால் மங்கிலேயே பால் கட்டியாகிவிடும். நீர்ப்பாலுக்கு ஒரு விலை. கட்டிப்பாலுக்கும் ஒட்டுப்பாலுக்கும் அதைவிடக் குறைந்த விலை. தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் அன்றாட வருமானம் இந்த வேறுபாட்டில் அடங்கியிருந்தது. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டிய பிறகு பெய்தால் பாலும் இல்லை. மழையிலிருந்து தப்பிய பாலும் கட்டியாகிவிட்டால் உழைப்பின் பலன் குறைந்துவிடும்.

பால் தானாகக் கட்டியாவது ஏன்? மரத்திலிருந்து வடியும் பாலில் இரப்பர் மட்டும் இல்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். அந்த நீரில் புரதமும் சர்க்கரையும் தாதுப்பொருள்களும் கரைந்திருக்கின்றன. காற்றிலும் மங்கிலும் கத்தியிலும் உள்ள பாக்டீரியாக்களுக்கு அந்தச் சர்க்கரை நல்ல உணவு. அவை அதைத் தின்று அமிலங்களை வெளியிடுகின்றன. பால் புளிக்கிறது; புளித்த பால் உறைகிறது.

வீட்டில் தயிர் உறைவதும் இதே முறையில்தான். மாட்டுப் பாலில் உள்ள புரதத் துகள்கள் எதிர்மின்னூட்டம் பெற்றவை. ஒரே மின்னூட்டம் உடையவை ஒன்றையொன்று விலக்கும் என்பதால், அத்துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் மிதந்துகொண்டிருக்கும். உறை மோர் ஊற்றியதும் அதிலுள்ள பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அமிலத்திலிருந்து வெளிப்படும் நேர்மின்னூட்டமுள்ள ஹைட்ரஜன் அயனிகள் புரதத் துகள்களின் எதிர்மின்னூட்டத்தை நீக்குகின்றன. விலக்கும் விசை போனதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, பால் தயிராகிறது. இரப்பர்த் துகள்களைச் சுற்றியும் எதிர்மின்னூட்டமுள்ள புரதப் போர்வை ஒன்று இருக்கிறது. அங்கும் அமிலம் அதே வேலையைச் செய்கிறது. புதிய பாலின் பிஎச் மதிப்பு 7க்கு அருகில் இருக்கும். அது 5க்கு அருகில் இறங்கும்போது இரப்பர் உறையத் தொடங்கும். மாட்டுப்பால் உறையும் மதிப்பும் அதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. இரண்டையும் ‘பால்’ என்றே அழைக்கும் தமிழ் வழக்கு, வேதியியலைக் கற்காமலேயே அமைந்த பொருத்தமான பெயரீடு.

தோட்டத்தில் வேண்டாத விருந்தாளியான இந்தப் புளிப்பைத்தான் ஆலையில் அளந்து ஊற்றுகிறார்கள். தென்னமெரிக்காவின் அமேசான் காடுகளில், இரப்பர் எடுத்தவர்கள் பாலை ஒரு கழியில் பூசி, பனை வகைக் கொட்டைகளை எரித்த புகையில் காட்டி உறைய வைத்தார்கள். அந்தப் புகையிலும் அசெட்டிக் அமிலம் இருந்தது என்பது பின்னர் தெரிய வந்த உண்மை. 1877ஆம் ஆண்டில் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவிற்கு 22 இரப்பர்க் கன்றுகள் வந்தன. அவற்றின் வழித்தோன்றல்கள் மலாயா முழுவதும் பரவிய பிறகு, புகையில் காட்டும் மெதுவான முறை பெருந்தோட்டங்களுக்கு ஒத்துவரவில்லை. முதலில் அசெட்டிக் அமிலமும் பிறகு பார்மிக் அமிலமும் அந்த இடத்தைப் பிடித்தன. தோட்டப்புற மக்கள் இரண்டையும் ‘ஆசிட்’ என்று ஒரே பெயரால் அழைத்துவிடுவார்கள்.

பார்மிக் என்னும் சொல் எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1671ஆம் ஆண்டில் ஜான் ரே என்னும் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஏராளமான எறும்புகளைக் காய்ச்சி வடித்து இந்த அமிலத்தைப் பிரித்தெடுத்தார். மாமரத்திலோ இரம்புத்தான் மரத்திலோ இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறு எறும்பிடம் கடி வாங்கியவர்களுக்கு அந்த அமிலத்தின் எரிச்சல் தெரிந்திருக்கும். முசுறு முதலில் கடிக்கும். பிறகு கடித்த இடத்தில் அமிலத்தைப் பீய்ச்சும். இப்பொழுது தொழிற்சாலைகளில் இதைத் தயாரிப்பதற்கு எறும்புகள் தேவையில்லை.

வேதியியல் பாடத்தில் பார்மிக் அமிலத்தின் பெயர் மெத்தனோயிக் அமிலம். கார்பாக்சிலிக் அமிலங்கள் என்னும் பெரிய குடும்பத்தில் இதுவே மிகச் சிறியது. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எல்லா அமிலங்களிலும் ஒரே அமைப்பைக் காணலாம். ஒரு கார்பன் அணு, ஓர் ஆக்சிஜனுடன் இரட்டைப் பிணைப்பிலும் இன்னோர் ஆக்சிஜனுடன் ஒற்றைப் பிணைப்பிலும் இணைந்திருக்கும். அந்த இரண்டாவது ஆக்சிஜனின் முனையில் ஒரு ஹைட்ரஜன் தொங்கிக்கொண்டிருக்கும். கார்பாக்சில் தொகுதி என்பது இதுதான். தொங்கும் அந்த ஹைட்ரஜன் நீரில் எளிதாகக் கழன்று அயனியாகும். நாக்கு உணரும் புளிப்பு, பாலை உறைய வைக்கும் ஆற்றல், பித்தளையின் களிம்பைக் கரைக்கும் தன்மை ஆகிய அனைத்தும் அந்த ஒரு ஹைட்ரஜன் அயனியின் வேலை.

ஆனாலும் எல்லா மூலக்கூறுகளும் ஒரே நேரத்தில் ஹைட்ரஜனை விட்டுவிடுவதில்லை. சமையலறையிலுள்ள காடியில், ஏறத்தாழ இருநூறு அசெட்டிக் அமில மூலக்கூறுகளில் ஒன்றுதான் எந்த வேளையிலும் பிரிந்த நிலையில் இருக்கும். அதனால்தான் இவை ‘வலிமை குறைந்த அமிலங்கள்’ என்று வகைப்படுத்தப்படுகின்றன. இரப்பருக்கு இந்த வலிமைக் குறைவே நன்மையாகிறது. கந்தக அமிலத்தின் விலை மலிவு என்று சிலர் அதை ஊற்றுவதுண்டு. பாலும் உடனே உறையும். ஆனால், கந்தக அமிலம் எளிதில் ஆவியாகாது. கழுவித் தீராத எச்சம் இரப்பருக்குள் தங்கி, நாளடைவில் அதன் தரத்தைக் கெடுத்துவிடும். பார்மிக் அமிலமோ உலர்த்தும்போது பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். வாங்கும்போது மிச்சம் பிடித்த காசு, விற்கும்போது விலையில் கழிந்துவிடும் என்பதைச் சிறுதோட்டக்காரர்கள் நன்கு அறிவார்கள்.

ஆலைக்கு வந்த பாலை முதலில் வடிகட்டி நீர் சேர்த்து நீர்க்கச் செய்வார்கள். பிறகு பார்மிக் அமிலக் கரைசலை ஊற்றிக் கலக்கித் தட்டுகளில் விட்டால், அது வெண்ணிறக் கட்டியாகத் திரளும். அந்தக் கட்டியை உருளைகளுக்கிடையே செலுத்தி நீரைப் பிழிந்து தகடாக்கி, புகைக்கூட்டில் சில நாள்கள் தொங்கவிடுவார்கள். தேன் நிறத்தில் வெளிவரும் அந்தத் தகடுகள்தாம் ஒரு காலத்தில் மலாயாவின் துறைமுகங்களில் அடுக்கடுக்காகக் கப்பலேறின. பால் நீர்மமாகவே தேவைப்படும்போது, எடுத்துக்காட்டாகக் கையுறைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும்போது, அதற்கு நேர்மாறான வழியைக் கையாளுகிறார்கள். அம்மோனியா என்னும் காரத்தைச் சேர்த்துப் பாக்டீரியாக்களை அடக்கி, புளிப்பு ஏறாமல் காக்கிறார்கள்.

இந்த அமிலத்தோடு நீண்டகாலம் பழகிய கைகள் அதன் கடுமையையும் அறிந்திருந்தன. கடையில் கிடைக்கும் பார்மிக் அமிலம் மிகச் செறிவானது. தோலில் பட்டால் கொப்புளம் எழும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. நீர்க்கச் செய்யும்போது நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும். பட்டுவிட்டால் வேறெந்த வைத்தியத்தையும் தேடாமல், ஓடும் நீரில் பதினைந்து நிமிடங்களுக்குக் குறையாமல் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். பானப் போத்தலில் அமிலத்தை ஊற்றி வைப்பது மிகவும் ஆபத்தான பழக்கம். தாகத்தோடு வரும் குழந்தைக்குப் போத்தலின் வடிவம் மட்டுமே தெரியும்.

இந்தக் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள் இவ்வளவு கடுமையானவர்கள் அல்லர். புளியிலுள்ள டார்டாரிக் அமிலத்தில் இரண்டு கார்பாக்சில் தொகுதிகள் உண்டு. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலத்தில் மூன்று. மலேசியச் சமையலில் மீன் குழம்பிற்குப் புளிப்பூட்டும் ‘ஆசாம் கெப்பிங்’ என்னும் உலர்ந்த துண்டில் இருப்பது, சிட்ரிக் அமிலத்தின் நெருங்கிய உறவான ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம். தீபாவளிக்கு முன் குத்துவிளக்கைப் புளியால் தேய்க்கும்போது, பித்தளையின் மேல் படிந்திருந்த செம்பின் ஆக்சைடு டார்டாரிக் அமிலத்தில் கரைந்து வந்துவிடும். விளக்கு பளபளக்கும். அதே காரணத்தால்தான் ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்று பாட்டிமார்கள் தடுத்தார்கள். விளக்கைத் துலக்கும் அமிலம், பாத்திரத்தின் செம்பைக் கரைத்துக் குழம்பில் சேர்த்துவிடும்.

கார்பாக்சிலிக் அமிலங்களில் சிலவற்றுக்குத் தாங்க முடியாத நாற்றமும் உண்டு. இன்று மலேசியச் சிறுதோட்டக்காரர்களில் பெரும்பாலோர் இரப்பரைக் கட்டிப்பாலாகவே விற்கிறார்கள். கட்டிகளை ஏற்றிச் செல்லும் லாரி சாலையில் முந்திச் சென்றால், காரின் கண்ணாடிகளை ஏற்றியிருந்தாலும் பயனில்லை. கட்டிக்குள் பாக்டீரியாக்கள் தொடர்ந்து வேலை செய்து பியூட்டனோயிக், பென்டனோயிக் முதலிய அமிலங்களை உண்டாக்குவதுதான் காரணம். கெட்டுப்போன நெய்யின் வாடையும் பெரும்பாலும் பியூட்டனோயிக் அமிலத்தின் வாடையே. நான்கு கார்பன் அணுக்களைக் கொண்ட இந்த அமிலத்தைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் திறக்கச் சொன்னால் ஆசிரியர்களே தயங்குவார்கள்.

நாறும் இந்தப் பியூட்டனோயிக் அமிலத்தோடு எத்தனால் என்னும் ஆல்கஹாலைச் சேர்த்து, சில துளி அடர்கந்தக அமிலத்தை வினையூக்கியாக இட்டுச் சூடாக்கினால் அன்னாசிப் பழத்தின் மணம் வரும். நாற்றத்திற்குக் காரணமான அதே நான்கு கார்பன் அணுக்கள் மூலக்கூறில் அப்படியே இருக்கின்றன. மாறியது ஒன்றுதான். அமிலத்தின் முனையில் தொங்கிய ஹைட்ரஜனின் இடத்தில் ஆல்கஹாலின் கார்பன் சங்கிலி வந்து அமர்ந்துவிட்டது. இவ்வினையில் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். இப்படி உருவாகும் சேர்மத்திற்கு எஸ்டர் என்று பெயர். 1848ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் லியோபோல்ட் குமெலின் இப்பெயரைச் சூட்டினார். கழன்று அயனியாகும் ஹைட்ரஜன் இல்லை என்பதால் எஸ்டரில் புளிப்பு இல்லை. மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்வதும் குறைவு என்பதால், சிறிய எஸ்டர்கள் எளிதில் ஆவியாகி மூக்கை எட்டுகின்றன.

நான்காம், ஐந்தாம் படிவ ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் எத்தனோயிக் அமிலத்தையும் எத்தனாலையும் சேர்த்து இந்த வினையைச் செய்து காட்டுவார்கள். எத்தனால் எளிதில் தீப்பற்றும் என்பதால், சோதனைக் குழாயைச் சுடரில் நேரடியாகக் காட்டாமல் வெந்நீரில் வைத்துச் சூடாக்குவார்கள். பிறகு அதைக் குளிர்ந்த நீரில் ஊற்றினால், எஞ்சிய அமிலமும் ஆல்கஹாலும் நீரில் கரைந்துவிடும். நீரின் மேல் மெல்லிய படலமாக எத்தில் எத்தனோயேட் மிதக்கும். நகப்பூச்சின் மணம் அறை முழுவதும் பரவும். நகப்பூச்சில் கரைப்பானாகப் பயன்படுவதும் அதே எஸ்டர்தான். ஒரு செய்தியைக் கவனிக்கத் தவறக் கூடாது: இந்த வினை முழுமையாக முடிவதில்லை. எஸ்டரும் நீரும் சேர்ந்து மீண்டும் அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் பிரிந்துகொண்டே இருக்கும். நீர் வெளியேறினால் மணம். நீர் உள்ளே நுழைந்தால் புளிப்பு.

பழங்களும் பூக்களும் இந்தக் கலையில் வல்லவை. வாழைப்பழத்தின் தனி மணத்திற்கு முதன்மையான காரணம் ஐசோஅமைல் அசெட்டேட் என்னும் எஸ்டர். தேனீ கொட்டும்போது தன் கூட்டத்தை எச்சரிக்க வெளியிடுவதும் இதே பொருள்தான். ஒரு தேனீ கொட்டிய இடத்திற்கு மற்றவை பாய்ந்து வருவது இதனால்தான். மல்லிகையின் மணத்தில் பென்சைல் அசெட்டேட்டிற்குப் பெரும் பங்கு உண்டு. டுரியானில் இரு தரப்பும் மோதிக்கொள்கின்றன. அதன் பழ மணத்திற்கு எத்தில் 2-மெத்தில்பியூட்டனோயேட் என்னும் எஸ்டரும், வெங்காயத்தை நினைவூட்டும் வாடைக்குக் கந்தகச் சேர்மங்களும் பொறுப்பு. முதலாவதை மட்டும் நுகர்வோர் டுரியானைத் தேடி ஓடுவர். இரண்டாவதை மட்டும் நுகர்வோர் அதைக் கண்டு ஓடுவர்.

மணமே இல்லாத எஸ்டர்களும் உண்டு. மலேசியாவின் பொருளாதாரத்தில் அவற்றின் எடை வாழைப்பழ மணத்தைவிடப் பல மடங்கு அதிகம்.

1917ஆம் ஆண்டில், சிலாங்கூரிலுள்ள தென்னமாரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் செம்பனையை முதன்முதலாக வணிக அளவில் பயிரிட்டார். பிற்காலத்தில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் இலக்கியப் பரிசைப் பெற்றவரும் இவரே. மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட செம்பனை, மெல்ல மெல்ல இரப்பர்த் தோட்டங்களின் இடத்தைப் பிடித்தது. வெட்டுக் கத்தியைப் பிடித்த கைகள் நீண்ட கழியில் கட்டிய அரிவாளைப் பிடிக்கப் பழகின. வேதியியல் நோக்கில் பார்த்தால், அமிலத்தோடு பழகியவர்கள் எஸ்டரின் பக்கம் வந்து சேர்ந்தார்கள்.

ஏனென்றால், எண்ணெய் என்பதே ஓர் எஸ்டர். பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் செவ்ரேல், கொழுப்புகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1823இல் வெளியிட்ட நூலில் இதற்கான அடிப்படையை விளக்கினார். கிளிசரால் என்பது மூன்று கைகளைக் கொண்ட ஆல்கஹால். ஒவ்வொரு கையிலும் ஒரு நீண்ட கொழுப்பு அமிலத்தைப் பிடித்துக்கொண்டால் அதுவே எண்ணெய் அல்லது கொழுப்பு. செம்பனை எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 44 விழுக்காடு பால்மிட்டிக் அமிலம். ஏறத்தாழ 40 விழுக்காடு ஒலியிக் அமிலம். பால்மிட்டிக் என்னும் பெயரிலேயே பனை இருக்கிறது. 1840இல் எட்மோன் ஃபிரெமி இதைப் பனை எண்ணெயிலிருந்துதான் கண்டறிந்தார். இந்த எஸ்டர்கள் மிகப் பெரியவை, கனமானவை. ஆகவே, அவை ஆவியாகி மூக்கை எட்டுவதில்லை.

இரப்பரைப் போலவே செம்பனைப் பழமும் காத்திருக்காது. பழத்தின் சதைக்குள் லிப்பேஸ் என்னும் நொதி இருக்கிறது. பழம் சிதையாமல் இருக்கும்வரை நொதியும் எண்ணெயும் தனித்தனி அறைகளில் இருப்பதுபோல் ஒதுங்கியே இருக்கும். குலை உயரத்திலிருந்து விழுந்து அடிபட்டாலோ, லாரியில் நசுங்கினாலோ அந்தத் தடுப்புச் சுவர்கள் உடையும். உடனே லிப்பேஸ், பழத்திலுள்ள நீரைக்கொண்டு எஸ்டரைப் பிளந்து கொழுப்பு அமிலங்களை விடுவிக்கத் தொடங்கும். ஆய்வுக்கூடத்தில் மெதுவாக நடக்கும் அந்தத் திரும்பு வினை இங்கே வேகமாக நடக்கிறது. தனித்துத் திரியும் கொழுப்பு அமிலம் கூடக் கூட எண்ணெயின் தரம் குறையும். சுத்திகரிக்கும்போது இழப்பும் மிகும். பச்சைச் செம்பனை எண்ணெய் வாணிபத்தில் தனிக் கொழுப்பு அமிலத்தின் அளவு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு.

எனவேதான் வெட்டிய குலைகளை 24 மணி நேரத்திற்குள் ஆலையில் சேர்த்துவிட வேண்டும் என்று வலியுறுத்துகிறார்கள். ஆலையில் முதல் வேலை எண்ணெய் பிழிவதன்று; குலைகளை உயரழுத்த நீராவியில் வேக வைப்பதுதான். ஏறத்தாழ 140 பாகை செல்சியசில் லிப்பேஸ் செயலிழந்துபோகும். பழங்களும் குலையிலிருந்து எளிதில் உதிரும். அறுவடையாளர் எதிர்கொள்ளும் சிக்கல் இதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. பழுக்காத குலையை வெட்டினால் எண்ணெய் குறைவு. மிகவும் பழுக்கவிட்டால் பழங்கள் தரையில் உதிர்ந்து அடிபட்டு அமிலம் ஏறும். மரத்தடியில் சில பழங்கள் உதிர்ந்து கிடப்பதுதான் வெட்டுவதற்கான அடையாளம். அந்த அடையாளத்தைப் பார்த்துக் கணிப்பதும், உதிர்ந்தவற்றைப் பொறுக்கிச் சேர்ப்பதும், சாலை சேறாகிக் கிடக்கும் மழை மாதங்களில் லாரி வருமா என்று எதிர்பார்ப்பதும் அவர்களின் அன்றாடக் கவலைகள். ஆலையில் குலைகளைத் தரம் பிரிப்பவர் கழித்துக்கட்டும் ஒவ்வொரு குலையும் சிறுதோட்டக்காரரின் கணக்கில்தான் குறையும்.

எஸ்டர் பிளவுபடுவதையே பயனாக மாற்றும் தொழிலும் உண்டு. எண்ணெயோடு சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்துச் சூடாக்கினால், கிளிசராலின் மூன்று கைகளும் கொழுப்பு அமிலங்களை விட்டுவிடும். விடுபட்ட அமிலம் சோடியத்தோடு சேர்ந்து சவர்க்காரமாகிறது. இம்முறை வினை திரும்பி நடப்பதில்லை; அமிலம் உப்பாக மாறிவிட்டதால் அதனால் மீண்டும் எஸ்டராக இணைய முடியாது. சவர்க்கார மூலக்கூறின் நீண்ட வால் எண்ணெய்ப்பிசுக்கில் புதைந்துகொள்ளும். கார்பாக்சில் தலை நீரைப் பிடித்துக்கொள்ளும். துணியிலுள்ள அழுக்கு நீரோடு போவது இந்த இருமுக உறவினால்தான். பிரிந்த கிளிசராலும் வீணாவதில்லை. அது பற்பசையிலும் இருமல் மருந்திலும் முகப்பூச்சுகளிலும் சேர்கிறது.

கிளிசராலை நீக்கி அதன் இடத்தில் மெத்தனாலை அமர்த்தினால் எண்ணெய் உயிரி டீசலாகிவிடும். ஓர் ஆல்கஹாலைத் தள்ளிவிட்டு இன்னோர் ஆல்கஹால் வந்து சேரும் இவ்வினையில், பெரிய எஸ்டர் ஒன்று மூன்று சிறிய எஸ்டர்களாகப் பிரிகிறது. எண்ணெயின் பிசுபிசுப்புக் குறைந்து, டீசல் இயந்திரத்திற்கு ஏற்ற நீர்மம் கிடைக்கிறது. மலேசியச் செம்பனை எண்ணெய் ஆராய்ச்சிக் கழகம் 1980களிலேயே இதைப் பேருந்துகளில் ஓட்டிப் பார்த்தது. 2019 முதல் போக்குவரத்திற்கான டீசலில் 10 விழுக்காடு செம்பனை மெத்தில் எஸ்டரைக் கலக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இங்கும் தோட்டத்தில் நேரும் தாமதம் பின்தொடர்ந்து வருகிறது. இந்த வினைக்குப் பொதுவாகக் காரத்தையே வினையூக்கியாக இடுவார்கள். எண்ணெயில் தனிக் கொழுப்பு அமிலம் மிகுந்திருந்தால், காரம் அதனோடு சேர்ந்து சவர்க்காரமாகிவிடும். எரிபொருள் தயாரிக்க முயன்ற கலத்தில் நுரை வந்து நிற்கும்.

பள்ளிச் சீருடையிலுள்ள பாலியெஸ்டர் இழையும், குடிநீர் விற்கப்படும் பிளாஸ்டிக் போத்தலும் எஸ்டர்களே. இரண்டு முனைகளிலும் கார்பாக்சில் தொகுதியைக் கொண்ட அமிலமும், இரண்டு முனைகளிலும் இணையக்கூடிய ஆல்கஹாலும் கைகோத்துக் கோத்து நீண்ட சங்கிலியாகிவிடுகின்றன. மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் ஆண்டுகள் கடந்தும் இச்சங்கிலி எளிதில் அறுபடாது. சட்டைக்கு அது நன்மை. ஆற்றில் மிதக்கும் போத்தலுக்கு அதுவே கேடு.

ஆஸ்பிரின் மாத்திரையில் அமிலமும் எஸ்டரும் ஒரே மூலக்கூறுக்குள் குடியிருக்கின்றன. சாலிசிலிக் அமிலம் நெடுங்காலமாக வலியைத் தணிக்கப் பயன்பட்டது; ஆனால், வயிற்றை மிகவும் புண்படுத்தியது. 1897இல் ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் அதன் ஒரு பக்கத்தில் அசெட்டிக் அமிலத்தின் பகுதியை எஸ்டராக இணைத்துத் தூய மருந்தாகத் தயாரித்தார். மறுபக்கத்திலுள்ள கார்பாக்சில் தொகுதி அப்படியே இருந்தது. உலர்ந்த இடத்தில் இந்த மாத்திரை நெடுநாள் கெடாமல் இருக்கும். மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரப்பதம் மிகுந்த நாடுகளில் போத்தலின் மூடியைச் சரியாக மூடாமல் விட்டால், காற்றிலுள்ள நீர் எஸ்டரை மெல்லப் பிளந்துவிடும். அப்படிப்பட்ட பழைய போத்தலைத் திறந்தால் காடியின் வாடை வீசும். அசெட்டிக் அமிலம் பிரிந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அந்த மாத்திரையை விழுங்கக் கூடாது.